கன்விக்ஷன் என்ற சொல்லுக்கு ஏன் இரண்டு பொருள்?

கேள்வி இது: ஆங்கிலச் செய்தியில் ஓரிடத்தில் 'கன்விக்ஷன்' என்று வந்தால், ஒருவர் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாகப் பொருள். இன்னோரிடத்தில் 'அவர் கன்விக்ஷன் உள்ள மனிதர்' என்று வந்தால் அது பாராட்டு. ஒரே சொல் எப்படிப் பழிக்கும் புகழுக்கும் பயன்படுகிறது? எங்கே எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுகொள்வது? தமிழில் எழுதும்போது என்ன சொல்லைப் போடுவது?

அகராதியைப் புரட்டினால் இரண்டு பொருளையும் எண் போட்டுத் தனித்தனியே பிரித்து வைத்திருப்பார்கள். அப்படிப் படித்தால் தற்செயலாக ஒரே எழுத்துக்கூட்டல் வாய்த்த இரண்டு சொற்கள் என்றே தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. சான்றின் வலிமையால் ஒரு விஷயம் ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்டப்படுவதுதான் அந்த வேர். அது நீதிமன்றத்தில் நடந்தால் குற்றத்தீர்ப்பு. மனத்துக்குள் நடந்தால் அசையாத கருத்து. இதைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சொல்லின் மற்றப் பயன்பாடுகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கும்.

லத்தீனில் 'வின்கெரே' என்றால் வெல்லுதல். விக்டரி, விக்டர், இன்வின்சிபிள் எல்லாம் அதன் வழிவந்தவை. முழுமையைக் குறிக்கும் 'கான்' என்ற முன்னொட்டு அதனோடு சேர்ந்து 'கான்வின்கெரே' ஆயிற்று. வாதத்தாலும் சான்றாலும் எதிராளியை மறுபேச்சுக்கு இடமில்லாமல் வெல்லுதல், ஒருவர் மேல் சுமத்திய குற்றத்தை மெய்ப்பித்தல், ஒரு கூற்று தவறென்று காட்டுதல் ஆகிய மூன்றும் அந்த ஒரு வினைக்குள் அடக்கம். ஆங்கிலம் இதிலிருந்து இரண்டு வினைகளை எடுத்துக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டில் 'கன்விக்ட்' வந்தது, 16ஆம் நூற்றாண்டில் 'கன்வின்ஸ்' வந்தது. முன்னது ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிப்பது. பின்னது ஒருவரை ஒரு கருத்தை ஏற்கச் செய்வது. வினைகள் இரண்டாக இருந்தும் அவற்றுக்குப் பெயர்ச்சொல் ஒன்றே ஒன்றுதான் நிலைத்தது. கன்விக்டுக்கும் கன்விக்ஷன், கன்வின்ஸுக்கும் அதே கன்விக்ஷன். குழப்பத்தின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

தொடக்கத்தில் இரண்டு வினைகளுக்கும் இடையே வரப்புகூடச் சரியாகக் கட்டப்படவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், யோவான் 8ஆம் அதிகாரம் 46ஆம் வசனத்தில், 'உங்களில் யார் என்னைப் பாவத்தைக்குறித்து கன்வின்ஸ் செய்யக்கூடும்' என்று இயேசு கேட்பதாக இருக்கிறது. இன்றைய காதுக்கு அது விநோதம். அங்கே கன்வின்ஸ் என்பதற்குப் பொருள் 'குற்றவாளி என்று மெய்ப்பித்தல்'. பிற்கால ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் அதே இடத்தில் கன்விக்ட் இருக்கிறது. தமிழ் விவிலியம் 'குற்றப்படுத்தக்கூடும்' என்று நேராகச் சொல்லிவிடுகிறது. பெயர்ச்சொல்லான கன்விக்ஷன் 15ஆம் நூற்றாண்டில் சட்டச் சொல்லாகத்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. மனவுறுதி என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைகாட்டுகிறது. ஆக, நீதிமன்றப் பொருள் மூத்தது, மனத்தின் பொருள் இளையது.

முதலில் மூத்ததைப் பார்ப்போம். இதில் பிழை செய்தால் செய்தியே மாறிவிடும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சட்டத்தில் கன்விக்ஷன் என்பது 'இவர் இந்தக் குற்றத்தைச் செய்தார்' என்று நீதிமன்றம் முடிவு கட்டுவது. அவ்வளவுதான். கைது கன்விக்ஷன் ஆகாது, குற்றப்பத்திரிகை கன்விக்ஷன் ஆகாது, வழக்கு நடந்துகொண்டிருப்பதும் கன்விக்ஷன் ஆகாது. தண்டனையும் கன்விக்ஷன் ஆகாது! தமிழில் எழுதும்போது பலரும் சறுக்குவது இந்தக் கடைசி இடத்தில்தான். தண்டனைக்கு ஆங்கிலத்தில் 'சென்டென்ஸ்' என்று தனிச்சொல் இருக்கிறது. குற்றவாளி என்ற முடிவு முதலில் வரும், என்ன தண்டனை என்பது அடுத்து வரும். பல நாடுகளில் இரண்டுக்கும் இடையே நாள்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இடைவெளி உண்டு.

அந்த இடைவெளியில் என்ன நடக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் என்ரான் வழக்கைச் சொல்லலாம். அந்த நிறுவனத்தை நிறுவிய கென்னத் லே, மோசடி வழக்கில் 2006 மே மாதம் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டார். தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஜூலையில் இறந்துபோனார். மேல்முறையீட்டு வாய்ப்பு முடியுமுன் ஒருவர் இறந்தால் தீர்ப்பு நிற்காது என்ற அந்த நாட்டு நெறிப்படி, அக்டோபரில் அவருடைய கன்விக்ஷனையே நீதிமன்றம் நீக்கியது. கன்விக்ஷன் இருந்தது, சென்டென்ஸ் வரவே இல்லை, கடைசியில் கன்விக்ஷனும் போயிற்று. இந்தச் செய்தியைத் தமிழில் 'தண்டனை ரத்து' என்று எழுதினால் தவறு. விதிக்கப்படாத தண்டனையை எப்படி ரத்து செய்வது?

இதே வேறுபாடு இந்தியச் செய்திகளில் வேறொரு கோலத்தில் வரும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8ஆம் பிரிவின்படி, குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் தகுதியை இழக்கிறார். மேல்முறையீடு செய்யப் பதவியிலிருப்பவர்களுக்குக் கொடுத்திருந்த மூன்று மாதப் பாதுகாப்பை 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதனால்தான் பதவியிலிருப்பவர்கள் 'சஸ்பென்ஷன் ஆஃப் சென்டென்ஸ்' கிடைத்தாலும் நிம்மதி அடைவதில்லை. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டால் சிறைக்குப் போகாமல் வெளியே இருக்கலாம், பதவி மட்டும் திரும்பாது. அது திரும்ப வேண்டுமானால் 'ஸ்டே ஆஃப் கன்விக்ஷன்' வேண்டும், அதாவது குற்றவாளி என்ற தீர்மானத்துக்கே இடைக்காலத் தடை வேண்டும். இரண்டையும் 'தண்டனைக்குத் தடை' என்ற ஒரே தலைப்பில் அடைத்துவிடும் செய்திகளைப் படிக்கும்போது, உண்மையில் என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரியாமலே போகிறது. 'குற்றத்தீர்ப்புக்குத் தடை' என்றும் 'தண்டனை நிறுத்தி வைப்பு' என்றும் பிரித்து எழுத முடியும். எழுதத்தான் வேண்டும்.

குற்றவாளி என்ற முடிவு விசாரணைக்குப் பிறகுதான் வர வேண்டும் என்பதும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டாலே போதும். 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் ராஜத்துரோக வழக்கில் காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டார். முழு விசாரணை நடத்த வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டும், ஒப்புதலையே ஏற்று நீதிபதி ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார். சாட்சி விசாரணை நடக்காவிட்டாலும் அது கன்விக்ஷன்தான்.

இன்னொரு எல்லைக்கோடு: கன்விக்ஷன் குற்ற வழக்குகளுக்கு மட்டுமே உரியது. சிவில் வழக்கில் தோற்றவரை கன்விக்டட் என்று சொல்லக்கூடாது. அங்கே 'லயபிள்', அதாவது பொறுப்பாளி, என்பதே சொல். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்ஸன் 1995இல் இரட்டைக் கொலை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதே மரணங்களுக்காகக் குடும்பத்தினர் தொடுத்த சிவில் வழக்கில் 1997இல் அவர் பொறுப்பாளி என்று முடிவாயிற்று, பெருந்தொகை இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் அது கன்விக்ஷன் இல்லை. லாஸ் வேகாஸில் நடந்த ஆயுதக் கொள்ளை வழக்கில் 2008இல் வந்த தீர்ப்புதான் கன்விக்ஷன். மூன்று தீர்ப்புகளுக்கும் ஆங்கிலம் மூன்று சொற்களை வைத்திருக்கிறது: அக்விட்டல், லயபிள், கன்விக்ஷன். ஏன் இவ்வளவு கறார்? குற்ற வழக்கில் மட்டும்தான் நியாயமான ஐயத்துக்கு இடமில்லாதபடி மெய்ப்பிக்க வேண்டும். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்று பார்த்தால் போதும். 'முழுமையாக வெல்லுதல்' என்ற பழைய லத்தீன் பொருள் இன்றும் உயிரோடிருப்பது இந்த இடத்தில்தான்.

நீதிமன்றத்துக்கு வெளியிலும் இந்தச் சொல் ஓரிடத்தில் சட்டப்பொருளோடு வரும். அமெரிக்க அதிபர் மீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டுவது 'இம்பீச்மென்ட்'. அது வெறும் குற்றச்சாட்டு. அவரைக் குற்றவாளி என்று தீர்த்துப் பதவி நீக்குவது செனட்டின் வேலை. அதற்குப் பெயர் கன்விக்ஷன், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. 1868இல் ஆண்ட்ரூ ஜான்ஸன் வழக்கில் 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். 36 வேண்டியிருந்தது. ஒரே வாக்கில் தப்பினார். எனவே 'இம்பீச் செய்யப்பட்டார்' என்பதைப் 'பதவி நீக்கப்பட்டார்' என்று மொழிபெயர்த்தால் வரலாறே தவறிவிடும்.

கன்விக்ஷனோடு கூட்டாக வரும் சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். மேல்நீதிமன்றம் அதை உறுதி செய்தால் 'அப்ஹோல்ட்'. ரத்து செய்தால் 'ஓவர்டர்ன்', இங்கிலாந்தில் 'க்வாஷ்'. குற்றமற்றவருக்கு எதிராக வந்துவிட்ட தீர்ப்பு 'ராங்ஃபுல் கன்விக்ஷன்'. இங்கிலாந்துச் சட்டத்தில் 'அன்சேஃப் கன்விக்ஷன்' என்று ஒரு தொடர் உண்டு. 'ஆபத்தான தீர்ப்பு' என்று அதை மொழிபெயர்ப்பது பொருந்தாது. நம்பி நிறுத்தி வைக்க முடியாத தீர்ப்பு என்பதே பொருள், அப்படித் தோன்றினால் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தாக வேண்டும். 'சம்மரி கன்விக்ஷன்' என்பதில் சுருக்கம் தீர்ப்பில் இல்லை, நடைமுறையில்தான் இருக்கிறது. ஜூரி இல்லாமல் கீழ்நிலை நீதிமன்றம் சுருக்கமுறையில் விசாரித்துத் தரும் குற்றத்தீர்ப்பு அது.

க்வாஷ் என்ற சொல்லின் கனத்தை உணர்த்தியது இங்கிலாந்துத் தபால் நிலையங்களின் 'ஹொரைஸன்' கணினி விவகாரம். 1999க்கும் 2015க்கும் இடையே, அந்த மென்பொருள் காட்டிய பொய்யான பற்றாக்குறைக் கணக்கை நம்பி, 900க்கும் மேற்பட்ட கிளைத் தபால் அதிகாரிகள் மீது திருட்டு, மோசடி வழக்குகள் வெற்றி பெற்றன. பலர் சிறை சென்றார்கள், வீட்டையும் மானத்தையும் இழந்தார்கள். கடைசியில் 2024இல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றி அந்தக் குற்றத்தீர்ப்புகளை மொத்தமாக நீக்கியது. பலர் தண்டனைக் காலத்தை எப்போதோ முடித்துவிட்டவர்கள். ஆனாலும் அவர்கள் விடாமல் போராடியது கன்விக்ஷன் நீங்க வேண்டும் என்பதற்காகத்தான். தண்டனை தீர்ந்த பிறகும் 'குற்றவாளி' என்ற தீர்மானம் ஏட்டில் நிற்கும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

'கன்விக்ஷன் ரேட்' என்ற தொடரைத் 'தண்டனை விகிதம்' என்று எழுதுகிறார்கள். வழங்கிவிட்ட சொல், விட்டுவிடலாம். ஆனால் அந்த எண்ணைப் படிக்கும்போது வகுக்கும் எண் எது என்று கேட்க வேண்டும். விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனை குற்றத்தீர்ப்பில் முடிந்தன என்பதைத்தான் அது பொதுவாகக் காட்டும், காவல் நிலையத்துக்கு வந்த புகார்களில் எத்தனை என்பதைக் காட்டாது. ஜப்பானில் இந்த விகிதம் 99 சதவீதத்துக்கும் மேல். உறுதியாக வெல்லக்கூடிய வழக்குகளை மட்டுமே அங்கே அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். எண்ணை மட்டும் வைத்துக் காவல்துறையின் திறமையையோ நீதிமன்றத்தின் கடுமையையோ அளக்க முடியாது.

குற்றத்தீர்ப்பு பெற்றவரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் 'கன்விக்ட்' தான். எழுத்து ஒன்று, ஒலி வேறு. வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாம் அசையில், ஆளைக் குறிக்கும்போது முதல் அசையில், கிட்டத்தட்ட 'கான்விக்ட்' என்று. 1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஏறத்தாழ 1,62,000 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. அந்த வரலாற்றில் 'கான்விக்ட்' என்பது கிட்டத்தட்ட ஒரு சமூகப் பிரிவின் பெயராகவே நிலைத்துவிட்டது. தமிழில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: தண்டனைக் கைதி. தீர்ப்பு வராமல் உள்ளே இருப்பவர் விசாரணைக் கைதி. இந்த இரண்டையும் ஒருபோதும் மாற்றிப் போடக்கூடாது.

இனி இளைய பொருளுக்கு வருவோம். எனக்கு இதுதான் இன்னும் நெருக்கமான பகுதி. தமிழில் எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லின் செழுமையைக் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

கன்விக்ஷன் என்றதும் கை தானாக 'நம்பிக்கை' என்று எழுதிவிடும். நம்பிக்கை மிகப் பெரிய குடை. ஹோப், ஃபெய்த், ட்ரஸ்ட், பிலீஃப், கான்ஃபிடென்ஸ் என்று ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கும் ஐந்தாறு மனநிலைகள் அதன் கீழே ஒதுங்கி நிற்கின்றன. கன்விக்ஷன் அவற்றுள் எதுவும் இல்லை. தேர்வில் வென்றுவிடுவேன் என்று நினைப்பது கான்ஃபிடென்ஸ். நண்பர் கைவிடமாட்டார் என்பது ட்ரஸ்ட். நாளை நல்லபடியாக விடியும் என்பது ஹோப். மரண தண்டனை எந்தச் சூழலிலும் கூடாது என்று ஒருவர் பல காலம் யோசித்து, எதிர்வாதங்களைக் கேட்டு, அதன் பிறகும் அசையாமல் நிற்கிறாரே, அதுதான் கன்விக்ஷன். அது விருப்பத்தைச் சொல்வதில்லை, 'இது உண்மை, இது சரி' என்று உரிமை கோருகிறது. ஒப்பீனியன் என்றால் நாளை மாறக்கூடும், மாறினால் யாரும் கேட்கப் போவதில்லை. கன்விக்ஷன் மாறினால் அந்த மனிதரே மாறிவிட்டார் என்று சொல்வோம்.

ஆகவே கத்திச் சொல்வதெல்லாம் கன்விக்ஷன் ஆகாது. ஆழமாக வேரோடிய வெறுப்பும் ஆகாது. வேர்ப்பொருளை நினைவில் வையுங்கள்: ஏதோ ஒன்று நம் மனத்தை வென்றிருக்க வேண்டும். அது சான்றாக இருக்கலாம், பட்டறிவாக இருக்கலாம், மனச்சாட்சியாக இருக்கலாம். பழைய ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஓப்பன் டு கன்விக்ஷன்' என்று ஒரு வழக்கு இருந்தது. 'எனக்கு உறுதியான கருத்து உண்டு' என்று அதற்குப் பொருள் கொண்டால் தலைகீழாகிவிடும். 'தகுந்த காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்ளத் தயார்' என்பதே அதன் பொருள். அங்கே கன்விக்ஷன் என்பது முடிவான நிலையைக் குறிக்கவில்லை, மனம் வெல்லப்படும் செயலைக் குறிக்கிறது.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா என்றால், இருக்கிறது, நாம்தான் மறந்துகொண்டிருக்கிறோம். பழைய தமிழறிஞர்களின் கட்டுரைகளில் 'என்பது என் துணிபு' என்று ஒரு முடிப்பு அடிக்கடி வரும். மறுப்புகளைச் சொல்லி, அவற்றுக்கு விடை சொல்லி, கடைசியில் அங்கே வந்து நிற்பார்கள். 'இட் ஈஸ் மை கன்விக்ஷன் தட்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. 'தெளிதல்' என்ற வினைக்கும் இதே சாயல் உண்டு. ஆராய்ந்து பார்த்து அதன் பிறகு ஐயம் நீங்கி ஏற்பது தெளிதல். திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பே 'தெரிந்து தெளிதல்'. அன்றாட உரைநடையில் துணிபு கனமாகத் தோன்றினால், இடத்துக்கு ஏற்ப 'உறுதியான கருத்து', 'திடமான எண்ணம்' என்று எழுதலாம். பன்மையில் 'கன்விக்ஷன்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் 'கொள்கைகள்' போதும். அரசியலைப் பற்றிய பேச்சானால் 'கொள்கைப் பிடிப்பு' கச்சிதமாக உட்காரும்.

இரண்டு பொருளும் ஒரே மனிதர் வாழ்வில் மோதிக்கொண்ட நிகழ்வு ஒன்று உண்டு. இந்தச் சொல்லை யாருக்காவது விளக்க வேண்டுமானால் அதைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன். வியட்நாம் போருக்குப் படையில் சேர அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1967இல் மறுத்தார். தன் சமயக் கொள்கை அதற்கு இடம் தராது என்றார். ஜூன் 20 அன்று அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. ஐந்தாண்டு சிறை, 10,000 டாலர் அபராதம். மேல்முறையீடு நடந்ததால் சிறை செல்லவில்லை, ஆனால் குத்துச்சண்டைப் பட்டம் பறிபோயிற்று, உச்சத்தில் இருந்த ஆண்டுகள் கழிந்தன. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவருடைய எதிர்ப்பு சமய நம்பிக்கையில் வேர்கொண்டது, உளப்பூர்வமானது என்பதை அரசுத் தரப்பே அந்த நிலையில் மறுக்கவில்லை. அவருடைய கன்விக்ஷனுக்காக அவருக்கு கன்விக்ஷன் கிடைத்தது. கன்விக்ஷன் உண்மையானது என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கில் கன்விக்ஷன் நீங்கியது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் யார் சொன்னாலும் கேட்பவருக்கு விளங்கிவிடும், ஏனென்றால் சூழல் பிரித்துக் காட்டிவிடுகிறது. தமிழிலோ நாம் கொள்கை என்றும் குற்றத்தீர்ப்பு என்றும் இரு சொற்களைப் போட்டாக வேண்டும்.

'ஹேவ் த கரேஜ் ஆஃப் யுவர் கன்விக்ஷன்ஸ்' என்ற மரபுத்தொடர் பேசுவது இதைத்தான். சரி என்று மனம் அறிந்ததை, விலை கொடுக்க நேர்ந்தாலும், செய்யும் துணிவு. அரசியலில் 'கன்விக்ஷன் பொலிட்டீஷியன்' என்ற தொடர் பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரோடு ஒட்டிக்கொண்டது. எல்லாரையும் அனுசரித்துப் போகும் அரசியல் தன்னுடையதல்ல, கொள்கை அரசியலே தன்னுடையது என்ற பொருளில் 1979 வாக்கில் அவர் அப்படித் தம்மை அடையாளப்படுத்திக்கொண்டார். ஆதரிப்பவர்கள் இதை உறுதி என்று படித்தார்கள், எதிர்ப்பவர்கள் பிடிவாதம் என்று படித்தார்கள். முதலீட்டு உலகத்திலும் சொல் நுழைந்துவிட்டது: 'ஹை கன்விக்ஷன்' பங்கு என்றால், ஆராய்ந்து உறுதிப்பட்டதால் தொகையில் பெரும்பகுதியைத் துணிந்து போடத் தக்கது என்று முதலீட்டு மேலாளர் கருதும் பங்கு. கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனம் 'கன்விக்ஷன் லிஸ்ட்' என்ற பெயரிலேயே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. லாபம் உறுதி என்ற வாக்குறுதி இதில் எங்கும் இல்லை. உறுதி பரிந்துரைப்பவரின் மனத்தில் மட்டுமே இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு சின்னப் பொருள். 'ஹி ஸ்போக் வித் கன்விக்ஷன்' என்றால் அவர் சொன்ன முறையில், குரலில், அவர் அதை மனதார நம்புகிறார் என்பது தெரிந்தது. நடிகர்களைப் பற்றியும் இப்படிச் சொல்வார்கள். 'வித்அவுட் கன்விக்ஷன்' என்பதற்கு 'உதட்டளவில்' என்ற தமிழ் அப்படியே பொருந்தும். 'த எக்ஸ்பிளனேஷன் கேரீட் நோ கன்விக்ஷன்' என்ற வாக்கியத்தை 'அந்த விளக்கம் உறுதியைச் சுமக்கவில்லை' என்று எழுதினால் தமிழ் அழும். 'அந்தச் சமாதானம் எடுபடவில்லை' என்று எழுதுங்கள்.

கிறிஸ்தவ வழக்கு தனி. அங்கே 'கன்விக்ஷன் ஆஃப் சின்' என்பது, தான் பாவி என்று தன் மனமே தனக்கு எடுத்துக்காட்டும் நிலை. குற்றத்தீர்ப்பும் உள்ளத்தெளிவும் ஒன்றாகக் கலந்த பொருள் இது. ஒரு பிரசங்கத்தைக் கேட்டு 'ஐ ஃபெல்ட் கன்விக்டட்' என்று ஒருவர் சொன்னால், எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை, தன் தவறு மனத்தில் தைத்தது என்கிறார். தூய ஆவியார் உலகைக் 'கண்டித்து உணர்த்துவார்' என்ற யோவான் 16:8 வசனத்தின் தமிழ், இந்தக் கலப்பை அழகாகப் பிடிக்கிறது: கண்டிப்பும் இருக்கிறது, உணர்வும் இருக்கிறது. எபிரெயர் 11:1 வசனத்தில் பல ஆங்கிலப் பதிப்புகள் கன்விக்ஷன் என்று சொல்லும் இடத்தில், பழைய தமிழ் விவிலியம் 'நிச்சயம்' என்கிறது. 'ஃப்ரெண்ட்ஸ்' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் சபையில் மனமாற்றத்தால் வந்து சேர்ந்தவரை 'கன்வின்ஸ்ட் ஃப்ரெண்ட்' என்பார்கள். இந்தச் சூழலுக்கு வெளியே, கருத்துறுதியைச் சொல்ல 'ஐ ஆம் கன்விக்டட்' என்று எழுதிவிடாதீர்கள். கேட்பவர் என்ன வழக்கு என்று விசாரிப்பார். 'கன்வின்ஸ்ட்' என்பதே சரி.

எங்கே எந்தப் பொருள் என்று கண்டுகொள்ள, பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். பின்னால் 'ஃபார்' வந்து ஒரு குற்றத்தின் பெயர் வந்தால் நீதிமன்றம்: 'கன்விக்ஷன் ஃபார் ஃப்ராடு'. 'தட்' வந்து ஒரு முழு வாக்கியம் வந்தால் மனம்: 'கன்விக்ஷன் தட் வார் ஈஸ் ராங்'. முன்னால் 'வித்' வந்து தனியாக நின்றால் பேசும் பாங்கு. முன்னால் ரிலிஜியஸ், பொலிட்டிக்கல், மாரல், டீப் போன்ற அடைகள் வந்தால் கொள்கை. ப்ரீவியஸ், க்ரிமினல், ராங்ஃபுல் வந்தால் வழக்கு. வினையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: குற்றத்தின் பெயருக்கு முன் பெயர்ச்சொல் 'ஃபார்' கேட்கும், வினை 'ஆஃப்' கேட்கும். 'கன்விக்டட் ஆஃப் தெஃப்ட்' என்பதுதான் மரபு. 'த கன்விக்ஷன் ஆஃப் த டிரைவர்' என்பதில் ஆஃப் வருகிறதே என்றால், அங்கே பின்னால் இருப்பது குற்றம் இல்லை, ஆள்.

பேச்சுத் தமிழில் 'அவரை கன்வின்ஸ் பண்ணு' என்கிறோம். நாம் அதில் பெரும்பாலும் கேட்பது சம்மதிக்க வைப்பதை, அதாவது 'பெர்ஸுவேட்'. ஒருவரைக் கருத்தளவில் ஏற்கச் செய்வது கன்வின்ஸ், காரியத்தில் இறங்கச் செய்வது பெர்ஸுவேட் என்பது ஆங்கிலத்தின் பழைய வேறுபாடு. இப்போது அது தளர்ந்துவிட்டது என்றாலும், எழுத்தில் பேணுவது நல்லது. கன்வின்ஸ் ஆகாமலே சம்மதித்தவர்களுக்குப் பின்னால் கன்விக்ஷன் எப்படி வரும்?

கடைசியாக, இந்தச் சொல்லைச் சாதாரண மனிதர் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் விண்ணப்பப் படிவம். விசா, வேலை, குடியேற்றம் எதுவானாலும் 'கன்விக்ஷன் உண்டா' என்று கேட்பார்கள். வழக்கு நிலுவையில் இருந்தாலோ, கைதாகி விடுவிக்கப்பட்டிருந்தாலோ, அது கன்விக்ஷன் இல்லை. அபராதத்தோடு முடிந்த குற்ற வழக்கில் நீங்கள் குற்றவாளி என்ற தீர்ப்பு இருந்தால், சிறை வாசலை மிதிக்காவிட்டாலும் அது கன்விக்ஷன்தான். சில படிவங்கள் இதோடு நிற்காது. அமெரிக்க விசா விண்ணப்பம் 'அரெஸ்டட் ஆர் கன்விக்டட்' என்று கைதையும் சேர்த்தே கேட்கிறது, மன்னிப்பு பெற்றிருந்தாலும் சொல்லச் சொல்கிறது. இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் கழிந்த பழைய குற்றத்தீர்ப்புகள் 'ஸ்பென்ட்' ஆகிவிடும். பல வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் குழந்தைகளோடு பழகும் பணி போன்ற சிலவற்றுக்கு இந்த விலக்கு முழுமையாகப் பொருந்தாது. ஆகவே கேள்வியில் எந்தச் சொல் இருக்கிறது, அரெஸ்டா, சார்ஜா, கன்விக்ஷனா, அன்ஸ்பென்ட் கன்விக்ஷனா என்று ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டு, தீர்ப்பு நகலை எடுத்து வைத்துக்கொண்டு, ஐயம் இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு நிரப்புங்கள்.